காவிரி டெல்டா களிமண்

காவிரி டெல்டா களிமண் என்பது தமிழ்நாட்டின் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பரவலாகக் காணப்படும் கனத்த வண்டல் களிமண் ஆகும். நீர் பட்டால் விரிந்து, காய்ந்தால் சுருங்கி ஆழமாக வெடிப்பது இதன் முதன்மை இயல்பு. குறுவை, சம்பா, தாளடி ஆகிய நெற்பருவங்களும், நெல்லுக்குப் பின் விதைக்கப்படும் உளுந்தும் பச்சைப்பயறும், கோடையில் தரிசு வயல்களில் நடைபெறும் ஆடு, மாடு, வாத்து மேய்ச்சலும் இம்மண்ணைச் சார்ந்துள்ளன. மண்ணைக் காயவிட்டு மீண்டும் நீர் கட்டுவதை இப்பகுதி உழவர்கள் "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்பர். இம்மண்ணின் வளமும் அதன் குறைகளும் இந்த மாறிமாறி வரும் நிலைகளைப் பொறுத்தே அமைகின்றன.

பெயரும் வகைப்பாடும்

மண் அறிவியலில், விரிந்து சுருங்கும் களிமண்கள் "வெர்ட்டிசால்" என்னும் தனி வகுப்பில் வைக்கப்படுகின்றன. "புரட்டுதல்" என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லில் இருந்து இப்பெயர் உருவானது. மேல்மண் வெடிப்புகளுக்குள் விழுவதும், அடிமண் விரிந்து மேலே தள்ளப்படுவதுமாக இம்மண் தன்னைத்தானே மெல்லப் புரட்டிக் கொள்வதே இப்பெயருக்குக் காரணம். அமெரிக்க மண் வகைப்பாட்டின்படி, ஒரு மண் வெர்ட்டிசால் எனப்பட மேல் 50 செ.மீ. ஆழத்தில் குறைந்தது 30 விழுக்காடு களித்துகள் இருக்க வேண்டும். ஆண்டின் ஒரு பகுதியிலாவது வெடிப்புகள் தோன்றி மூட வேண்டும். அடிமண்ணில் மண்கட்டிகள் ஒன்றோடொன்று உராய்ந்ததால் ஏற்படும் பளபளப்பான வழுக்குமுகங்கள் காணப்பட வேண்டும்.

மண் ஆய்வாளர்கள் ஒத்த இயல்புடைய மண்களை, முதலில் அடையாளம் காணப்பட்ட ஊரின் பெயரால் "தொடர்" எனக் குறிப்பிடுவர். காவிரி டெல்டாவின் களத்தூர் தொடரும் ஆதனூர் தொடரும் வெர்ட்டிசால் வகுப்பைச் சேர்ந்தவை. ஆற்றோரங்களில் காணப்படும் படுகைத் தொடர் இளம் ஆற்றுப்படிவு மண்ணாகும். புது டெல்டா எனப்படும் கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியில், பட்டுக்கோட்டை, மதுக்கூர் சுற்றுவட்டாரங்களில், சிவந்த இலகுவான மண்களே மிகுதி. எனவே டெல்டா முழுவதும் ஒரே வகை மண் எனக் கொள்வது தவறாகும். ஒரே பருவத்தில், ஒரே அளவு தண்ணீரில் இரண்டு ஊர்களின் வயல்கள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

உருவாக்கமும் பரவலும்

கருநாடகத்தின் குடகு மலையில் தோன்றும் காவிரி, மைசூர் மேட்டுநிலப் பாறைகளின் சிதைவுகளையும், பவானி, நொய்யல், அமராவதி ஆகிய துணையாறுகள் கொண்டுவரும் கொங்கு நாட்டு மண்ணையும் சுமந்து வருகிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்த பின், கல்லணையில் காவிரி, வெண்ணாறு எனப் பிரிகிறது. அவற்றிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழனாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு போன்ற பல கிளையாறுகள் விரிந்து கடலை நோக்கிச் செல்கின்றன.

வெள்ளம் கரைபுரளும்போது ஆற்றுநீரின் வேகம் குறைகிறது. கனமான மணலும் வண்டலும் ஆற்றங்கரையை ஒட்டியே படிகின்றன. 0.002 மில்லிமீட்டரை விடச் சிறிய களித்துகள்கள் மட்டும் நெடுந்தொலைவு மிதந்து சென்று, நீர் தேங்கி நிற்கும் தாழ்ந்த இடங்களில் படிகின்றன. இதனால் ஆற்றங்கரையில் வாழையும் வெற்றிலையும் விளையும் இலகுவான படுகை மண்ணும், ஆற்றிலிருந்து விலகிய தாழ்நிலங்களில் நெல்லுக்கு ஏற்ற கனத்த களியும் அமைந்தன. பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே, கடைமடையை நோக்கிச் செல்லச் செல்ல நிலச்சரிவு குறைந்து, களிமண்ணின் பரப்பு கூடுகிறது. கடற்கரைக்கு அருகில் இக்களியுடன் உப்பும் சேர்கிறது.

களித்துகளின் தன்மை

எல்லாக் களிமண்ணும் வெடிப்பதில்லை. செம்மண்ணில் மிகுந்துள்ள கயோலினைட்டு என்னும் களிக்கனிமத்தின் அடுக்குகள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்தவை. அவற்றின் இடையே நீர் நுழையாது. டெல்டா களியில் மிகுந்துள்ள சிமெக்டைட்டு வகைக் கனிமத்தின் அடுக்குகள் தளர்வாகப் பிணைந்தவை. நீர் அடுக்குகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது. காயும்போது நீர் வெளியேற, அடுக்குகள் மீண்டும் நெருங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த அசைவே, கோடிக்கணக்கான துகள்களில் ஒருசேர நிகழும்போது, வயலில் கை நுழையும் அளவு வெடிப்பாகத் தெரிகிறது.

ஒரு கிராம் சிமெக்டைட்டின் உள், வெளிப் பரப்புகளைக் கூட்டினால் 700 முதல் 800 சதுர மீட்டர் வரை வரும். இப்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. ஆகவே கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு பயிருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறது. மணற்பாங்கான மண்ணில் இட்ட உரம் நீரோடு கீழிறங்கிவிட, களியில் பெரும்பகுதி தங்கிவிடுவது இதனால்தான்.

களியின் கனத்தை வயலிலேயே கையால் சோதித்து அறியலாம். ஒரு பிடி மண்ணை நீர்விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் பென்சில் அளவுக்கு உருட்ட வேண்டும். உருட்ட முடியாமல் உதிர்ந்தால் மணல். உருட்ட முடிந்து, வளைக்கும்போது விரிசல் விட்டால் இருமண்பாடு. விரிசலின்றி மோதிரம்போல் வளைந்தால் அது கனத்த களி.

ஈரமும் காய்ச்சலும்

இம்மண் மூன்று நிலைகளில் மூன்று வெவ்வேறு பொருள்களைப் போல் நடந்து கொள்கிறது. நீர் நிறைந்தபோது காலை விடாமல் ஒட்டும் சேறாகிறது. துளைகள் அடைபட்டு நீர் கீழிறங்குவது மிகக் குறைந்துவிடுகிறது. முற்றிலும் காய்ந்தபோது மண்வெட்டி இறங்காத பாளங்களாக இறுகுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட "பதம்" மிகக் குறுகிய காலமே நிலைக்கும். செம்மண்ணில் உழவைச் சில நாட்கள் தள்ளிப்போடலாம். களியிலோ பதம் தவறினால் ஒன்று கலப்பையில் அப்பிக்கொள்ளும், அல்லது பெரும் கட்டிகளாகப் பெயரும்.

நீரைப் பிடித்து வைக்கும் திறன் மிகுதி என்பதால் பிடித்த நீர் முழுவதும் பயிருக்குக் கிடைக்கும் எனக் கருதக் கூடாது. களித்துகள்கள் நீரின் ஒரு பகுதியை வேரால் உறிஞ்ச முடியாத அளவுக்கு இறுகப் பற்றிக் கொள்கின்றன. தொட்டால் ஈரமாகத் தெரியும் களியிலும் பயிர் வாடுவதை இதனால் காணலாம்.

வெடிப்புகளுக்கு வேறொரு விளைவும் உண்டு. காயும்போது மண் அசைவதால் மரங்களின் வேர்கள் இழுபட்டு அறுகின்றன. உலகின் பல பகுதிகளில் இவ்வகை மண் இயற்கையில் மரக்காடாக அல்லாமல் புல்வெளியாகவே இருந்து வருவதற்கு இது ஒரு காரணம். ஆண்டுதோறும் புதிதாக வேர்விடும் புல்லுக்கு இந்த அசைவு பெரிய இடையூறு அல்ல. காவிரி டெல்டாவின் இயற்கைப் புல்வெளிகள் வயல்களாகி நெடுங்காலம் ஆகிவிட்டது. எனினும் இங்கு விளையும் நெல்லும் புல் குடும்பத்தைச் சேர்ந்ததே. கோடையில் வயலை மூடும் அறுகும் கோரையும் களிநிலத்தின் பழைய தாவரங்களே.

முதல் தண்ணீரும் வெடிப்பும்

1934-இல் பயன்பாட்டுக்கு வந்த மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்திற்கு சூன் 12-ஆம் நாள் தண்ணீர் திறந்து, சனவரி 28-ஆம் நாள் மூடுவது மரபு. அணை திறக்கப்படும் வேளையில் டெல்டா களிநிலம் தன் மிகக் காய்ந்த நிலையில் இருக்கும். பிப்ரவரிக்குப் பின் நீரின்றி, கோடை வெயிலில் நான்கு மாதங்கள் வெடித்துக் கிடந்த வயலுக்குத்தான் முதல் தண்ணீர் வந்து சேர்கிறது.

நெல் நடவுக்கு நிலத்தைத் தயாரிக்க ஏறக்குறைய 200 மி.மீ. நீர் தேவை எனக் கணக்கிடப்படுகிறது. இது ஓர் எக்டேருக்கு 20 இலட்சம் லிட்டர். இதில் வெடிப்புகளின் பங்கைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். 30 செ.மீ. இடைவெளியில் கட்டம் கட்டமாக வெடித்த வயலில், வெடிப்புகள் மேலே 2 செ.மீ. அகலமும், கீழே கூம்பி 50 செ.மீ. ஆழமும் கொண்டவை எனக் கொள்வோம். அவற்றை நிரப்ப மட்டுமே ஏறத்தாழ 33 மி.மீ. நீர், அதாவது எக்டேருக்கு 3.3 இலட்சம் லிட்டர் தேவைப்படும். உண்மையில் செலவு இதோடு நிற்பதில்லை. வெடிப்பின் வழியே நீர் மேல்மண்ணைத் தொடாமலேயே அடிமண்ணுக்கும், பக்கத்து வயலுக்கும், வடிகாலுக்கும் ஓடிவிடுகிறது. பெரிய பாளங்களின் உட்பகுதி மெதுவாகவே நனைவதால் வெடிப்புகள் உடனே மூடிக்கொள்வதும் இல்லை.

ஆகவே அணை திறக்கும் நாள் தள்ளிப்போகும்போது களிநில உழவருக்கு இரண்டு இழப்புகள் ஏற்படுகின்றன. பருவம் பிந்துகிறது, நிலம் மேலும் காய்ந்து, முதல் நனைப்புக்கு வேண்டிய நீரும் கூடுகிறது. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் சூன் 12-இல் அணை திறக்க இயலவில்லை. 2020-இல் மீண்டும் அந்நாளில் திறக்கப்பட்டது. 2022-இல் மே 24 அன்றே திறக்கப்பட, 2024-இல் சூலை 28 வரை தாமதமானது. கடைமடை ஊர்களில் இந்தத் தாமதத்தின் சுமை கூடுதல். தலைமடைப் பகுதியின் வெடித்த நிலங்களும் வறண்ட வாய்க்கால்களும் நனைந்த பிறகே அங்கு நீர் சென்று சேர்கிறது.

இந்த இழப்பைக் குறைக்கும் வழி கோடை உழவு ஆகும். கோடை மழையின் ஈரத்தில் மேலாக உழுது விட்டால், உதிர்ந்த மண் வெடிப்புகளின் வாயை அடைத்து, பின்னர் வரும் நீர் நேரே கீழிறங்குவதைத் தடுக்கிறது. களைகளும் கூண்டுப்புழுக்களும் வெயிலில் அழிகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கடைமடைப் பகுதிகளில் ஆற்றுநீருக்குக் காத்திராமல், புழுதியில் நேரடியாக நெல் விதைக்கும் முறையும் உள்ளது. மழையில் முளைத்து வளரும் பயிர், பின்னர் ஆற்றுநீர் வந்ததும் நன்செய்ப் பயிராக மாறுகிறது.

சேற்றுழவும் நெல்லும்

பிற பயிர்களுக்குக் குறையாகும் இயல்பே நெல்லுக்கு நன்மையாகிறது. நீர் கட்டிய வயலைச் சேறாக்கி உழும்போது மண்கட்டிகள் உடைந்து, களித்துகள்கள் பிரிந்து, துளைகளை அடைக்கின்றன. பரம்படித்துச் சமன்செய்த வயலில் நீர் தேங்கி நிற்கிறது. ஆண்டுதோறும் செய்யும் சேற்றுழவால், உழும் ஆழத்திற்குக் கீழே இறுகிய அடுக்கு ஒன்று உருவாகி, நீர் கீழிறங்குவதை மேலும் குறைக்கிறது. மணற்பாங்கான புது டெல்டா வயல் அடிக்கடி நீர் கேட்க, பழைய டெல்டாவின் களிவயல் ஒருமுறை நிரப்பிய நீரைப் பல நாட்கள் வைத்திருக்கும்.

நீர்ச் சிக்கனத்திற்காகப் பரிந்துரைக்கப்படும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், வயலில் நின்ற நீர் மறைந்து மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றும் வேளையில் மீண்டும் நீர் கட்டப்படுகிறது. களிமண்ணில் இந்த எல்லையைத் தாண்டக் கூடாது. மயிரிழை விரல் அளவு வெடிப்பாக விரிந்தால் சேற்றுழவால் உண்டான அடைப்பு உடைந்து, மிச்சப்படுத்திய நீரைவிடக் கூடுதலான நீர் அடுத்த பாய்ச்சலில் வீணாகும். பூக்கும் பருவத்தில் காய விடுவதும் விளைச்சலைக் குறைக்கும்.

வடகிழக்குப் பருவமழையின்போது நிலைமை தலைகீழாகிறது. அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்யும் கனமழையை நனைந்த களி உள்வாங்குவதில்லை. நிலச்சரிவும் குறைவு என்பதால், வடிகால் வாய்க்கால்கள் தூர்ந்திருந்தால் சம்பா, தாளடி இளம்பயிர்கள் நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கின்றன. சூனில் நீர் தங்கவில்லை என்றும், நவம்பரில் நீர் வடியவில்லை என்றும் எழும் இரு முறையீடுகளுக்கும் ஒரே மண்தான் காரணம். ஆதலால் இப்பகுதியில் பாசன வாய்க்காலைத் தூர்வாருவது எவ்வளவு தேவையோ, வடிகாலைத் தூர்வாருவதும் அவ்வளவு தேவை.

நெல் தரிசுப் பயறு

சம்பா அல்லது தாளடி அறுவடைக்குப் பின் களிமண்ணில் தங்கியிருக்கும் ஈரத்தையும், இரவில் பெய்யும் பனியையும் மட்டும் நம்பி உளுந்தும் பச்சைப்பயறும் விளைவிக்கப்படுகின்றன. இதற்கு நெல் தரிசுப் பயறு சாகுபடி என்று பெயர். அறுவடைக்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களுக்கு முன், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிரின் ஊடே விதை தூவப்படுகிறது. உழவு இல்லை, பாசனமும் இல்லை. 1922-இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆடுதுறை 3 உளுந்து, இம்முறைக்கு ஏற்ற இரகமாக அறியப்படுகிறது.

விதைப்பின் வெற்றி பதத்தைப் பொறுத்தது. ஈரம் கூடினால் விதை அழுகும், குறைந்தால் முளைக்காது. முளைத்த செடியின் ஆணிவேர், மேல்மண் காய்ந்து வெடிக்கும் முன்பே கீழ் ஈரத்தை எட்ட வேண்டும். உழவின்றி உரமிட முடியாததால், பூக்கும் தருணத்திலும் அடுத்த 15 நாட்களிலும் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசல் இலைவழியே தெளிக்கப்படுகிறது. பயறு வேர்முடிச்சுகளில் காற்றின் நைதரசன் நிலைநிறுத்தப்படுவதால் மண்ணும் பயனடைகிறது.

அறுவடை இயந்திரங்களின் வருகை இம்முறையைப் பாதித்துள்ளது. ஈரக் களியில் கனமான இயந்திரம் இறங்கும்போது அதன் தடங்களில் முளைத்த செடிகள் நசுங்குகின்றன. தடத்தின் அடியில் மண் இறுகி, அடுத்த பருவம் வரை பள்ளமாக நிற்கிறது. இயந்திரம் இறங்குவதற்காக வயலை முன்கூட்டியே காய விட்டாலோ பயறுக்கான மெழுகு பதம் தவறிவிடுகிறது.

மேய்ச்சல்

அறுவடைக்குப் பிந்தைய மாதங்களில் டெல்டா வயல்கள் பெரும் மேய்ச்சல் நிலமாக மாறுகின்றன. நெல் தாளில் துளிர்க்கும் மறுதாம்பு, வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும் அறுகு, பயறு அறுவடைக்குப் பின் எஞ்சும் செடிகள் ஆகியவை கால்நடைகளுக்குத் தீவனமாகின்றன. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களிலிருந்து செம்மறியாட்டு மந்தைகள் நடந்தே இங்கு வருகின்றன. மந்தைக் குழுவின் தலைவர் கீதாரி எனப்படுவார். பகலில் மேய்த்த ஆடுகளை இரவில் உழவரின் வயலில் அடைத்து வைப்பது "கிடை போடுதல்" ஆகும். இதற்கு உழவர் பணமோ நெல்லோ கொடுக்கிறார். சு. தமிழ்ச்செல்வியின் "கீதாரி" புதினம் இவ்வாழ்க்கையைக் களமாகக் கொண்டது.

கிடையால் ஆட்டின் புழுக்கையுடன் சிறுநீரும் நேரடியாக மண்ணில் சேர்கிறது. எருக்குழியில் சிறுநீரின் பெரும்பகுதி வீணாகிவிடும். ஆட்டெரு அந்த ஆண்டே பலன் தரும், மாட்டெரு அடுத்த ஆண்டு பலன் தரும் என்பது உழவர் வழக்கு. களிமண்ணுக்குக் கூடுதல் நன்மை ஒன்றும் உண்டு. உதிர்ந்த மண்ணோடு எருவும் வெடிப்புகளில் விழுந்து, உழவு எட்டாத ஆழத்திற்குச் செல்கிறது.

மேய்ச்சல் பயனளிப்பது மண் காய்ந்திருக்கும்போது மட்டுமே. ஈரக் களியில் மந்தை நடந்தால் குளம்புகளின் அழுத்தத்தால் மண் துளைகள் மூடி, காய்ந்தபின் கல்போல் இறுகுகிறது. ஆட்டுக் கிடை காய்ந்த கோடை மாதங்களில் போடப்படும் வழக்கம் மண்ணுக்கும் பொருத்தமானது. வாத்து மேய்ச்சல் இதற்கு மாறானது. அறுவடை முடிந்த ஈர வயல்களில் மேய்க்கப்படும் வாத்துகள் சிந்திய நெல்மணிகளையும் நத்தைகளையும் பூச்சிகளையும் தின்கின்றன. எடை குறைந்தவை என்பதால் மண்ணை இறுக்குவதில்லை.

டெல்டாவின் கீழைப்பகுதிக்கு உரிய உம்பளச்சேரி மாட்டினம் இச்சேற்றுநிலத்தில் உழைப்பதற்கென உருவானது. நடுத்தர உடலும் உறுதியான கால்களும் கொண்ட இம்மாடுகள் ஆழமான சேற்றிலும் சோர்வின்றி உழக்கூடியவை. காளைகளின் கொம்புகளைத் தீய்க்கும் வழக்கத்தால் இவை "மொட்டை மாடு" என்றும் அழைக்கப்பட்டன. திருவாரூர் மாவட்டம் கொருக்கையில் உள்ள அரசு கால்நடைப் பண்ணையில் இவ்வினம் பேணப்படுகிறது. உழவு இயந்திரங்கள் பரவியபின் இவற்றின் எண்ணிக்கை குறைந்தது. அவற்றோடு வயலுக்குக் கிடைத்த எருவும் குறைந்தது.

வளமும் குறைபாடுகளும்

டெல்டா களிமண் பெரும்பாலும் நடுநிலை முதல் மிதமான காரத்தன்மை வரை கொண்டது. கால்சியமும் மக்னீசியமும் பொட்டாசியமும் பொதுவாகப் போதிய அளவில் உள்ளன. நைதரசனும் கரிமப் பொருளும் குறைவு. காரத்தன்மையும் நீர் தேங்கிய நிலையும் சேர்வதால் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காத வடிவில் தங்கிவிடுகிறது. நட்ட சில வாரங்களில் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பயிர் திட்டுத்திட்டாக வளர்ச்சி குன்றுவது துத்தநாகப் பற்றாக்குறையின் அறிகுறி. இதற்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டு பரிந்துரைக்கப்படுகிறது.

காய்ந்த மண் முதன்முதலில் நனையும்போது, அதிலுள்ள நுண்ணுயிர்கள் விரைந்து இயங்கி, கரிமப் பொருளைச் சிதைத்து நைதரசனை வெளிவிடுகின்றன. கோடையில் நன்கு காய்ந்த வயலில் குறுவை இளம்பயிர் பசுமையாகக் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். எனினும் இவ்வாறு வெளிப்படுவது மண்ணின் சேமிப்பே. அதை ஈடுசெய்யும் அளவுக்குக் கரிமப் பொருள் திரும்ப வந்தால்தான் வளம் நிலைக்கும்.

முற்காலத்தில் இந்த ஈடு மூன்று வழிகளில் வந்தது: வெள்ளம் கொண்டுவந்த வண்டல், கால்நடை எரு, வயலிலேயே மடக்கி உழப்பட்ட தாளும் தழையும். அணைகள் கட்டப்பட்டபின் வண்டலின் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களிலேயே தங்கிவிடுகிறது. உழவு மாடுகள் குறைந்துவிட்டன. வைக்கோல், கட்டும் இயந்திரங்களால் உருளைகளாகச் சுருட்டப்பட்டு வெளியூர்களுக்கு விற்கப்படுகிறது. வைக்கோலுடன் அதிலுள்ள பொட்டாசியமும் வயலை விட்டுப் போகிறது. தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் உரப்பயிர்களை முதல் நீரிலோ கோடை மழையிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது இன்று எளிதாகக் கிடைக்கும் மாற்று வழியாகும். கரிமப் பொருள் கூடும்போது களித்துகள்கள் சிறுசிறு உருண்டைகளாகச் சேர்வதால், உழவுப் பதம் நிலைக்கும் காலமும் சற்று நீள்கிறது.

உப்பும் களரும்

கடற்கரையை ஒட்டிய களிநிலங்களில் உவர்நீர் உட்புகுதலும் களர்த்தன்மையும் பெரும் சிக்கல்கள். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினம் மாவட்டத்தின் கரையோர வயல்களில் கடல்நீர் புகுந்தது. மணற்பாங்கான நிலத்தில் உப்பு மழைநீரோடு விரைவில் கீழிறங்கும். நீர் இறங்காத களியில் அது கடினம்.

உவரும் களரும் வெவ்வேறானவை. உவர்நிலத்தில் கரையும் உப்புகள் மிகுதி. நல்ல நீர் கட்டி வடித்தால் குறையும். களர்நிலத்தில் சோடியம் களித்துகளின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொள்கிறது. சோடியம் ஏறிய களி நீரில் சிதறி, துளைகளை முற்றிலும் அடைத்துவிடும். இதை நீரால் மட்டும் கழுவ முடியாது. சிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்க, வெளியேறிய சோடியத்தை வடிகால் வழியே அகற்றலாம். வடிகால் இல்லாத வயலில் சிப்சம் இடுவது பயன் தராது. திருச்சி 1 போன்ற உப்பைத் தாங்கும் நெல் இரகங்களும், கரையோரப் பகுதியின் மரபு நெல்லான குழியடிச்சானும் இந்நிலங்களுக்கு ஏற்றவை.

உலகின் பிற பகுதிகளில்

வெர்ட்டிசால் மண்கள் உலகில் ஏறத்தாழ 33.5 கோடி எக்டேர் பரப்பில் உள்ளன. தக்காணத்தின் கரிசல் நிலங்கள், ஆத்திரேலியா, சூடான், எத்தியோப்பியா, அமெரிக்காவின் டெக்சசு மாநிலம் ஆகியவை இவற்றின் முக்கியப் பகுதிகள். ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் இவ்வகை வெடிக்கும் களிநிலங்கள் புல்வெளிகளாகவே இருந்து, ஆடு மாடு மேய்ச்சலுக்குப் பயன்படுகின்றன. சூடானில் நீல நைல், வெள்ளை நைல் ஆறுகளுக்கு இடைப்பட்ட கெசீரா களிச் சமவெளி, 1925-இல் சென்னார் அணை கட்டப்பட்டபின் பெரும் பருத்திப் பாசனப் பகுதியானது. தமிழ்நாட்டிலேயே கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரக் கரிசலில் மானாவாரியாகப் பருத்தியும் சோளமும் கம்பும் விளைகின்றன.

இவை அனைத்திலும் களியின் அடிப்படை இயல்பு ஒன்றே. புல்வெளியாவதும் பருத்திக்காடாவதும் நெல்வயலாவதும் நீர் கிடைக்கும் அளவையும் காலத்தையும் பொறுத்தவை. கரிசல் உழவர் களியில் மழைநீரைச் சேமித்துப் பயிர் செய்கிறார். டெல்டா உழவர் அதே இயல்புடைய களியின்மேல் ஆற்றுநீரைத் தேக்கி நெல் விளைவித்து, நெல்லுக்குப் பின் எஞ்சிய ஈரத்தில் பயறும், காய்ந்த தரிசில் மேய்ச்சலுமாக ஒரே வயலிலிருந்து மூன்று பயன்களைப் பெறுகிறார்.

மேலாண்மை

வேளாண் பரிந்துரைகளும் உழவர் அனுபவமும் ஒத்துப்போகும் முதன்மையான நடைமுறைகள் வருமாறு:

கோடை மழையின் ஈரத்தில் மேலாக உழுது வெடிப்புகளை மூடுதல்.

வயலைச் சமன்செய்து, சேற்றுழவுக்குப்பின் வெடிப்பு மயிரிழையைத் தாண்டாமல் நீர் நிருவகித்தல்.

பருவமழைக்கு முன் வடிகால் வாய்க்கால்களைத் தூர்வாருதல்.

மெழுகு பதத்தில் பயறு விதைத்து, ஈர வயலில் கனமான இயந்திரங்களையும் மாடுகளையும் இறக்காதிருத்தல்.

பயறு அறுவடைக்குப்பின் காய்ந்த வயலில் கிடை போடுதல்; கிடை கிடைக்காத இடங்களில் பசுந்தாள் உரம் இடுதல்.

மண் பரிசோதனையின்படி துத்தநாகமும், களர்நிலத்தில் வடிகாலுடன் சிப்சமும் இடுதல்.

ஆழ்துளைக் கிணற்று நீரால் கோடையிலும் நெல் பயிரிடப்படும் வயல்களில் மண் காய்வதற்கு இடைவெளி கிடைப்பதில்லை. அங்கு பயறும் கிடையும் இடம் பெறுவதில்லை. களையும் பூச்சியும் ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்திற்குத் தொடர்கின்றன. கோடைத் தரிசு வீணாகக் கிடக்கும் காலம் போலத் தோன்றினாலும், டெல்டா களிமண் எருவையும் காற்றையும் உள்வாங்கிக் கொள்ளும் காலம் அதுவே ஆகும்.